நாலடியாரின் இரு நாய்களும் எங்கள் வீட்டுப் பாரியும்

எங்கள் வீட்டு நாயின் பெயர் பாரி. வள்ளலின் பெயரை நாய்க்குச் சூட்டுவதா என்று, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒரு மாதம் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. கோவில்பட்டிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்திலிருந்து ஐம்பது நாள் குட்டியாக அவனை மதுரைக்குக் கொண்டுவந்தோம். (நாயை ‘அவன்’ என்று எழுதுவது இலக்கணப்படி தவறு என்பதை அறிவோம். பெரியப்பாவும் சொல்லிவிட்டார்.) தாய் சிப்பிப்பாறை இனம். தந்தை யாரென்று தோட்டத்துக்காரருக்கே தெரியாது. நீண்ட முகமும் ஒடுங்கிய இடுப்பும் தாய் கொடுத்தவை. நெற்றியில் இருக்கும் வெள்ளைத் திட்டு தந்தைவழிச் சொத்தாக இருக்கலாம்.

ஐந்து மாதம் வரை இப்படியொரு பிள்ளை உண்டா என்று பூரித்திருந்தோம். ‘உட்கார்’ என்றால் உட்காருவான். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ‘பொறு’ என்றால், எச்சில் நூலாக வழிய வழியப் பொறுத்திருப்பான். வந்த விருந்தினரெல்லாம் மெச்சினார்கள். அந்த மெச்சுதலில் பாதியை எங்கள் வளர்ப்புத் திறனுக்குரியதாக நாங்களே எடுத்துக்கொண்டோம்.

ஏழாம் மாதம் தொடங்கி எல்லாம் தலைகீழாயிற்று. செருப்புகள் போயின. பாற்பற்கள் விழுந்து நாற்பத்திரண்டு பற்களும் முளைத்து முடித்த பிறகு இனிக் கடிக்கமாட்டான் என்று நம்பிக் கீழ்த்தட்டில் வைத்திருந்த தமிழ் அகராதியில், ‘ப’கர வரிசை முழுவதும் போயிற்று. அரையாண்டாகத் தன் தலையைத் தடவிக் கொடுத்துவரும் பால்காரரைப் பார்த்து, ஏதோ வேற்றுக்கிரகத்து மனிதரைக் கண்டதுபோல் மயிர் சிலிர்க்கக் குரைத்தான். காலைத் தூக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டவன், அதை முதன்முதலில் அரங்கேற்றியது எங்கள் புத்தக அலமாரியின் மீது. ‘உட்கார்’ என்றால் எங்களை ஒருமுறை பார்ப்பான். பிறகு சாளரத்தைப் பார்ப்பான். மறந்துபோனவனின் பார்வை அல்ல அது. கேட்டது, புரிந்தது, ஆயினும் வேறு வேலை இருக்கிறது என்னும் பார்வை.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் மாலை, எரிவாயு உருளை கொண்டுவந்தவர் வெளிக்கதவைச் சாத்தாமல் போய்விட, பாரி தெருவுக்குப் பாய்ந்தான். ‘வா, வா’ என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். முனையில் நின்று திரும்பிப் பார்த்தான். நாங்கள் நெருங்கியதும் மறுபடி ஓடினான். பேருந்து போகும் சாலை ஐம்பதடி தூரத்தில். இருபது நிமிடம் இந்த ஓட்டம் நடந்தது. கடைசியில் மூச்சிரைக்க, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவனாகவே வாலையாட்டியபடி எங்களிடம் வந்தான். வந்தவனை நாங்கள் அடித்தோம். கையில் சுருட்டிய செய்தித்தாள் இருந்தது. அது கிழிந்த பிறகு கையாலும் அடித்தோம்.

மறுநாள் காலை ‘வா’ என்று அழைத்தபோது இரண்டு கை தூரத்தில் வந்து நின்றுகொண்டான். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. அவன் கற்றுக்கொண்டது தவறான பாடமன்று. நாங்கள் கற்பித்ததையே பிழையறக் கற்றிருந்தான். ஓடியதற்கு அவனுக்கு அடி விழவில்லை, வந்ததற்கே விழுந்தது.

அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளுக்கு அளவில்லை. சங்கிலியில் கட்டிப்போடுங்கள் என்றார்கள். எஜமான் யாரென்று காட்டுங்கள் என்றார்கள். மறுபடியும் தோட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. ஒருநாள் இரவு முழுக்க அதைப்பற்றி நாங்களும் பேசினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல? நாய் வாலை எவன்டா நிமித்தியிருக்கான்?” என்றார் பெரியப்பா.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பழமொழிக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. நாலடியாரில் நட்பை ஆராயும் அதிகாரத்தில் ஒரு நாய் வருகிறது. பழகிய பாகனையே கொல்லும் யானையைப் போன்றவரை விட்டுவிட்டு, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயைப் போன்றவரோடு நட்புக்கொள்ளச் சொல்லும் பாடல் அது. கீழ்மையைப் பேசும் அதிகாரத்தில் இன்னொரு நாய் வருகிறது. பொன் கலத்தில் சோறிட்டு வளர்த்தாலும் பிறர் எறியும் எச்சிலுக்குக் கண் இமைக்காமல் காத்திருக்கும் நாய் அது. ஒரே நூல், ஒரே விலங்கு. ஒன்று நட்பின் எல்லை, மற்றது கீழ்மையின் எல்லை. நாயை உவமையாக்கிய புலவர்களோடு நமக்கு வழக்கில்லை. அவர்கள் பேசியது மனிதர்களைப் பற்றி. நம் சிக்கல் வேறு. இந்த இரண்டு உவமைகளையும் வைத்துக்கொண்டு நாம் உண்மையான நாய்களை வளர்க்கிறோம். வேல் தைத்தும் வாலாட்டும் நாயை எதிர்பார்த்துக் குட்டியை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். அது விடலைப் பருவத்தை எட்டி, அழைத்தால் வராமல் போகும்போது, ‘என்ன இருந்தாலும் நாய்தானே’ என்று ஒரே நாளில் இரண்டாம் உவமைக்குத் தள்ளிவிடுகிறோம். வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இடமே இல்லை.

இப்படியொரு நடுப்பருவம் உண்டு என்பதற்கு வெறும் அனுபவமே சான்றாக இருந்த நிலை மாறிவிட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் உடனாய்வாளர்களும், பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகை நாய்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்ற சொல்லுக்குப் பணிந்த நாய்கள், எட்டாம் மாதத்தில் அதே சொல்லைப் பலமுறை கேட்டும் பணியாமல் போவது மிகுந்திருந்தது. இதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், வளர்ப்பவர் சொன்னபோதுதான் அப்படி. அறிமுகமில்லாத ஒருவர் சொன்னால் பணிந்தன. பன்னிரண்டு மாதமாகும்போது வளர்ப்பவர்களே அவற்றின் பயிற்சித் திறனுக்கு மீண்டும் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னால் கேட்கும் பையன் வீட்டில் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைக்கமாட்டான். இந்த வயதில் கீழ்ப்படியாமை நெருங்கிய உறவிடம்தான் முதலில் வெளிப்படுகிறது. உறவு முறிந்ததன் அடையாளமாக அதைப் படிப்பது பிழையான வாசிப்பு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

‘எஜமான் யாரென்று காட்டு’ என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் நகர் விலங்குக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு எழுதியதிலிருந்து, கூட்டத்தில் தலைமைக்காக ஓயாமல் மோதும் ஓநாய் என்ற சித்திரம் பரவியது. டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. நாயும் ஓநாயின் வழிவந்ததுதானே, ஆகவே அதை அடக்காவிட்டால் அது நம்மை அடக்கும் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்லத் தொடங்கினார்கள். பிற்பாடு கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்த அதே மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதினார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடமும் வேண்டிக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை எங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் கையில் பிரம்போடு காப்பாற்றிவருகிறார்கள். எங்களையும் சேர்த்து ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும், அந்த மாலை வரை.

அடுத்து நாங்கள் செய்தது பெரிய சாகசம் ஒன்றுமில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டினோம். திடீரென்று குணம் மாறும் நாய்க்கு வலி ஏதும் இருக்கலாம் என்பதால் அதைப் பார்த்துவிடுவது நல்லது. பாரிக்கு நோய் எதுவும் இல்லை. வயதுதான்.

பிறகு ‘வா’ என்ற சொல்லைக் கைவிட்டோம். அந்தச் சொல்லை நாங்களே கெடுத்துவிட்டோம். அதைக் கேட்டாலே அவன் உடல் தாழ்ந்தது. புதிதாக ஒரு சொல் தேவைப்பட்டது. ‘இந்தா’ என்பதைத் தேர்ந்துகொண்டோம். தமிழில் கொடுப்பவன் சொல்லும் சொல் அது. வெறுங்கையோடு அதைச் சொல்ல முடியாது என்பது எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி. வேகவைத்த ஆட்டீரலை நகத்தளவு துண்டுகளாக நறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் வறண்ட கண்மாய்க்குள் போவோம். கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்போடு சேர்த்துப் போடும் பட்டையில் பத்து மீட்டர் கயிற்றைக் கட்டினோம். ஓடுகிற நாய் கயிறு தீர்ந்து நிற்கும்போது வரும் இழுப்பைக் கழுத்து தாங்க வேண்டியதில்லை.

முதல் வாரம் அவன் எங்களை நோக்கித் தற்செயலாகத் திரும்பும்போது மட்டுமே ‘இந்தா’ என்றோம். வந்த கணமே ஈரல். ஐந்து வினாடி கழித்துக் கொடுத்தால் அதற்குள் அவன் வேறேதோ செய்திருப்பான், அதற்கான கூலி என்று எண்ணிக்கொள்வான். கொடுத்தவுடன் ‘போ’ என்று மறுபடி அவிழ்த்துவிட்டதைப்போல் விட்டுவிடுவோம். இதுதான் நுணுக்கம் என்று கருதுகிறோம். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை திருப்பி அனுப்ப வேண்டும். அழைப்பதெல்லாம் வீட்டுக்குக் கூட்டிப் போவதற்கே என்று ஆகிவிட்டால், அழைப்பு என்பது விளையாட்டின் முடிவாகிவிடும். எந்த விடலையும் அதற்கு ஓடிவரமாட்டான். ஆடுகள் தொலைவில் மேயும்போது அழைத்துப் பார்த்தோம், பிறகு அருகில் மேயும்போது. மயில் கிளம்பும்போது அழைத்துத் தோற்றோம். மயிலை இன்றுவரை நாங்கள் வெல்லவில்லை. கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனத்தின் பாதி இரத்தம் அவனுக்குள் ஓடுகிறது. அதைக் குற்றமென்று சொல்வது நீந்துகிறது என்று மீனைக் கோபிப்பதாகும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். கடிக்கக்கூடாதவற்றை மேலே வைத்தோம். கடிப்பதற்குக் காய்ந்த தேங்காய் மட்டை கொடுத்தோம். (அவன் விழுங்குவதில்லை. விழுங்கும் நாய்க்கு அது ஆகாது. வேகவைத்த எலும்பு எந்த நாய்க்குமே ஆகாது, கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.) நடக்கும்போது இழுத்தால் நின்றுவிட்டோம், கயிறு தளர்ந்ததும் நடந்தோம். வீட்டிலிருந்து தெருமுனை வரை போக நாற்பது நிமிடம் ஆன நாட்கள் உண்டு. பகலில் அவன் தூங்குவதற்கு ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே யாரும் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

இது இலஞ்சம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். ஈரல் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் கேள்வி. விக்கி ஹேர்ன் என்ற அமெரிக்கக் கவிஞர், தொழிலால் நாய்ப் பயிற்சியாளர், 1986இல் ‘ஆடம்ஸ் டாஸ்க்’ என்ற நூலை எழுதினார். பயிற்சியை அவர் வெறும் தந்திரமாகப் பார்க்கவில்லை. இரண்டு உயிர்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேசக் கற்றுக்கொள்ளும் அறச்செயலாகப் பார்த்தார். தீனியைக் காட்டி வேலை வாங்குவோரிடம் அவருக்கு மரியாதை இல்லை. அந்தப் பார்வையின் உயரம் எங்களைக் கவர்கிறது. ஆனால் கழுத்தைச் சுண்டி இழுக்கும் கடுமையான முறைகளை அவர் ஏற்றுக்கொண்டதை எங்களால் ஏற்க முடியவில்லை. அடித்த கைகளை உடையவர்கள் நாங்கள். அந்தக் கை எதைக் கற்பித்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நாம், நாய் மட்டும் நன்றிக்காகவே உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்த ஓர் இரவுப் பேச்சின்படி பாரியைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரம் எண்ணுகிறோம். தோட்டமாவது இருந்தது எங்களுக்கு. தோட்டம் இல்லாதவர்கள் ஏதாவது ஒரு புறவழிச்சாலையில் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கழுத்துப்பட்டை போட்ட தடம் அழியாத இளம் நாய்கள் ஊரெல்லையில் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்; கிழட்டு நாய்களை அப்படி அவ்வளவாகப் பார்த்ததில்லை. தெருநாய்த் தொல்லை பற்றி ஆவேசமாகப் பேசுகிறவர்களும் தெருநாய்க்காகக் கண்ணீர் விடுகிறவர்களும் இந்த இளம் நாய்களைப்பற்றி மட்டும் ஏனோ பேசுவதில்லை. நாயைக் கைவிட்டவர்கள் இரு தரப்பிலும் இருப்பது காரணமோ என்னவோ. குட்டி வாங்கப் போகிறவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: ஐம்பது நாள் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிப் பார்க்காதீர்கள். ஒன்பது மாத நாய் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

பாரிக்கு இப்போது இரண்டு வயது கடந்து மூன்று மாதம். சென்ற வாரம் பெரியப்பா வந்திருந்தபோது வெளிக்கதவு மறுபடியும் திறந்து கிடந்தது. அவன் தெருவில் இறங்கிவிட்டான். எங்களுக்கு முன்னால் பெரியப்பாவே திண்ணையிலிருந்து “இந்தாடா பாரி” என்றார். மின்கம்பத்தை நிதானமாக முகர்ந்து முடித்துவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். கையில் ஒன்றும் இல்லாமல் அழைத்துவிட்ட பெரியப்பா, “ஏம்மா, ஏதாவது கொண்டாங்க சீக்கிரம், பையன் காத்துட்டு இருக்கான்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அன்று பிஸ்கட் தின்று முடித்த பிறகு, படித்த செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியப்பா எழுந்தார். பாரி சட்டென்று இரண்டு கை தூரம் விலகிப் போய் நின்றான். “இவன் ஏன் பேப்பரைக் கண்டா ஒதுங்குறான்?” என்று அவர் கேட்டார். நாங்கள் சொன்னோம்.