முட்டைக்கோஸ் மேல் போட்ட பழி

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளைக்குள் புழு ஏறும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. நலவாழ்வு மேடைகளிலும், காலை நேரத் தொலைக்காட்சி மருத்துவக் குறிப்புகளிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் வருடக்கணக்காக ஒரே உபதேசம்தான்: கோஸை ஒதுக்குங்கள், பன்றிக்கறியைத் தொடாதீர்கள், எதையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், இந்த நோய் உங்களை அண்டாது. சொல்பவர்கள் அத்தனை உறுதியாகச் சொல்கிறார்கள். நோய் எங்கிருந்து புறப்படுகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் கிடையாது. அதைக் கணக்குப் போட்டு ஆராய்பவர்களைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று கையை உதறிவிடுகிறார்கள். தட்டில் இருக்கும் காயைப் பழிப்பது எளிது. ஆனால் அந்தப் பழி நோயை ஒரு வீட்டிலிருந்துகூட விரட்டியதில்லை.

கோஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இலை இடுக்கில் நெளியும் பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியினுடையது. அது மூளைக்கு ஏறாது. வலிப்பைக் கொண்டுவரும் டீனியா சோலியம் என்ற பன்றி நாடாப்புழு முழு வளர்ச்சி பெற்று முட்டையிடும் ஒரே இடம் மனிதக் குடல். கோஸில் அதன் முட்டை ஒட்டியிருந்தால், ஒரு மனிதரின் மலம் தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். பச்சையாகத் தின்னும் கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் இதே கதிதான். கோஸ் மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பன்றிக்கறி தின்பவர்களின் நோய் இது என்ற இரண்டாவது வாதம் இன்னும் தவறானது, கொஞ்சம் கொடியதும்கூட. சரியாக வேகாத பன்றிக்கறியில் உள்ள, இளம்புழு அடங்கிய நீர்க்கட்டியை விழுங்கியவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் மூளையில் கட்டி வருகிறது. முட்டையை விழுங்கியவர் வாழ்நாளில் இறைச்சியே தொடாதவராக இருக்கலாம். பன்றியின் விட்டையில் இந்த முட்டை கிடையாது. பன்றியும் மனித மலத்தைத் தின்றுதான் நோயை வாங்குகிறது. 1992இல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. சமய விதிப்படி பன்றிக்கறியை அறவே விலக்கிய யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி. தேடிப் பார்த்தபோது, அவற்றில் ஒரு வீட்டில் வேலை செய்தவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. நம் பக்கத்தில், வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணம் என்று கண்டது. பன்றிக்கறி அன்றாட உணவாக இல்லாத மாவட்டம் அது. இறைச்சியை வைத்து இந்த நோய்க்குச் சாதியும் சமயமும் ஒட்டுபவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

மூன்றாவதாக, நன்றாக வேகவைத்தால் போதும் என்ற கோஷம். முட்டை வழியாக வரும் ஆபத்தை வெந்த கறி தடுக்காது என்பதை மேலே பார்த்தோம். சரி, நாடாப்புழுவையாவது ஊரைவிட்டு ஒழிக்குமா? இங்கேதான் கணித மாதிரி தேவைப்படுகிறது. ஒரு நாடாப்புழு தன் ஆயுளில் எத்தனை புதிய நாடாப்புழுக்களுக்கு வழிவிடுகிறது என்பதுதான் கேள்வி. அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் நிலைக்கும், கீழே போனால் தேயும். புழு குடலில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அதன் உடலின் முற்றிய கண்ணி ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 முட்டைகள். ஆனால் ஒரு கிராமத்தில் அதைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். வட பெருவில் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: நாடாப்புழு உள்ளவர் வீட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் மேயும் பன்றிகளில் தொற்று மிக அதிகம், தூரம் கூடக்கூட அது குறைகிறது. அதாவது நோய் ஊர் முழுக்கச் சமமாகத் தூவிக் கிடக்கவில்லை, சில வீடுகளைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது. ஊர் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு இந்தக் குவியலை மறைத்துவிடும். நூறு வீட்டில் தொண்ணூறு வீடு இன்று முதல் கறியைக் குழைய வேகவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி அழகாக இறங்கும். மீதிப் பத்து வீடு, புழு சுமப்பவர் இருக்கும் அந்த மூலையிலேயே இருந்தால், அங்கே அதே பன்றி, அதே கொல்லை, அதே மலம். சுழற்சி ஒரு நாள்கூட நிற்காது. கோஷத்தைக் கேட்டுத் திருந்துபவர்கள் பெரும்பாலும் ஆபத்து குறைவாக உள்ளவர்கள், கழிவறையும் எரிவாயு அடுப்பும் உள்ளவர்கள். அவர்கள் திருந்தியதால் அந்த மூலையில் எதுவும் மாறாது. புழுவைக் கொல்லும் மாத்திரை கொடுக்கும் திட்டத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: தொண்ணூறு பேர் விழுங்கி, விடுபட்ட பத்துப் பேரில் புழு சுமப்பவர் ஒருவர் இருந்தால், அவரே மறுபடி பன்றிகளுக்குத் தொற்றைக் கொடுப்பார். பன்றிகளை விட்டுவிட்டு மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தாலும், அவற்றின் தசையில் இருக்கும் கட்டிகள் அடுத்த விருந்துக்குக் காத்திருக்கும். வீடு வீடாக, பன்றி பன்றியாகத் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகள், பெருவின் கிராமங்களை வைத்து எழுதப்பட்ட சிஸ்டிஏஜென்ட் போன்றவை, இதற்காகவே உருவாயின.

ஏட்டுக் கணக்கு என்று சிரிப்பவர்களுக்கு ரொனால்டு ராஸை நினைவூட்ட வேண்டும். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட அதே மனிதர்தான், கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானே தேயும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நாடாப்புழுவிலும் களம் ஏட்டைச் சரிபார்த்திருக்கிறது. ஈக்வடார் எல்லையை ஒட்டிய, வட பெருவின் தும்பேஸ் பகுதியில் மனிதருக்கு மருந்தும் பன்றிக்கு மருந்தும் தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் 107 கிராமங்களில் 105இல் பரவல் நின்றது என்று 2016இல் அறிவித்தார்கள். அதே வட பெருவில் குறைந்த செலவில் இன்னொரு வழியும் சோதிக்கப்பட்டது. பன்றியைக் கீழே சாய்த்துப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவுவார்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்தப் பன்றி இருக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டர் வட்டத்துக்குள் வாழ்பவர்களை மட்டும் சோதித்து மருந்து கொடுப்பார்கள். தொற்று கணிசமாகக் குறைந்தது. அந்த நூறு மீட்டருக்குள் தேடினால் போதும் என்று சொன்னது, தூரத்தை அளந்து போட்ட கணக்குதான்.

மாதிரிகளில் போடும் எண்கள் பல நிச்சயமற்றவை என்பது உண்மை. பெருவின் எண்ணை எடுத்து வேலூருக்கு அப்படியே போட முடியாது. இங்கே பன்றிகள் குறைவு, வளர்க்கும் முறை வேறு. ஆனால் அதற்கு மருந்து இங்கேயே அளப்பதுதான், அளவையே வேண்டாம் என்பதல்ல. கழிவறை கட்டினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். பன்றிக்குப் போகும் வழியை அது அடைக்கும், புழு சுமப்பவரின் நகக்கண்ணில் உள்ள முட்டையை அடைக்காது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2014இல் உணவுவழி ஒட்டுண்ணிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றது இந்தப் புழுதான். அத்தனை பெரிய நோயை ஒரு காய்கறி எச்சரிக்கையோடு முடித்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. வலிப்போடு வந்த பிள்ளையின் ஸ்கேனில் கட்டி தெரிந்தால், அந்த வீட்டிலும் அண்டை வீட்டிலும் அவனுக்குச் சோறு போடும் இடத்திலும் யார் புழுவைச் சுமக்கிறார் என்று தேட வேண்டும். மலப் பரிசோதனை ஒருமுறை தவறவிடலாம், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கண்டுபிடித்தவருக்குக் குடலைத் தாண்டி உடலில் பெரிதாக ஏறாத நிக்ளோசமைடு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், கோஸ் கொடுத்தாயா என்று கேட்டு அவளை அழவைக்கத் தேவையில்லை.