அடுப்பில் இட்ட ஏடு



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், தகரப் பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். பெட்டி நிறையப் பழைய படக்கதைப் புத்தகங்கள். மறைந்த தம் மாமனார் சேர்த்து வைத்தவை என்றார். “சாமி, பையன் பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை, பொழுதெல்லாம் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறான். கொளுத்திவிடலாம் என்றால், தாத்தா வைத்துப் போன பொருளாயிற்றே என்று மனம் வரவில்லை. நீங்கள்தாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்” என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இம்மடலின் பிற்பகுதியில் சொல்வோம்.

பெட்டியின் மேலாக இருந்தவை, 1972இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் வெளியீடுகள். வேதாளர், மந்திரவாதி மாண்ட்ரேக், துப்பறியும் ரிப் கெர்பி ஆகியோரின் கதைகள். இம்மூவரும் புத்தகத்திற்கென்று பிறந்தவர்கள் அல்லர். அமெரிக்க நாளேடுகளில் நாளொன்றுக்கு மூன்று நான்கு கட்டங்களாகத் தோன்றியவர்கள். மாண்ட்ரேக் 1934இலும், வேதாளர் 1936இலும், ரிப் கெர்பி 1946இலும் அவ்வாறு உலகிற்கு அறிமுகமாயினர். நாளேட்டில் துண்டு துண்டாக வந்ததைத் தொகுத்து மறுபதிப்பாக வெளியிடும் வழக்கமே, பிற்காலத்துக் காமிக்ஸ் புத்தகத்திற்கு வித்தாயிற்று.

அவ்வரலாறு சுவையானது. கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் ஈஸ்டர்ன் கலர் என்னும் அச்சகம் இருந்தது. ஞாயிறு நாளேடுகளின் வண்ணப் படக்கதைத் தாள்களை அச்சிடுவது அதன் தொழில். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் தொழில்கள் யாவும் தளர்ந்திருந்த காலம். அச்சுப்பொறிகளுக்கு வேலை தேடவேண்டியிருந்தது. ஞாயிறுத் தாளின் பக்கங்களைச் சுருக்கி அச்சிட்டு மடித்தால் கைக்கு அடக்கமானதொரு புத்தகம் கிடைக்கும் என்பதை அங்குள்ளோர் கண்டனர். 1933இல் ‘ஃபன்னீஸ் ஆன் பரேடு’ என்ற மறுபதிப்பு வெளிவந்தது. சோப்பு விற்கும் புரோக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் அதனைத் தன் வாடிக்கையாளருக்கு இலவசமாக வழங்கிற்று.

அச்சகத்தின் விற்பனையாளருள் ஒருவர் மாக்ஸ்வெல் கெயின்ஸ். இலவசமாகக் கொடுக்கும் புத்தகத்தை மக்கள் காசு கொடுத்தும் வாங்குவார்களா என்று அறிய விரும்பினார். சில படிகளின்மீது பத்து சென்ட் விலைச்சீட்டை ஒட்டிக் கடைகளில் வைத்தார் என்றும், அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன என்றும் கூறுவர். 1934இல் ‘ஃபேமஸ் ஃபன்னீஸ்’ பத்து சென்ட் விலையில் கடைகளுக்கு வந்தது. நாளேட்டுப் படக்கதைகளை மறுபதிப்புச் செய்தே அது வளர்ந்து, 1955 வரை வெளிவந்தது.

வெற்றி கண்டதும் பலர் இத்துறையில் இறங்கினர். பழைய கதைகள் போதவில்லை, புதியவை எழுதப்பட்டன. 1938இல் சூப்பர்மேன் தோன்றினான். நாளேட்டுக்கென்று வரைந்து வைத்திருந்த அவனுடைய கதையை வெட்டி ஒட்டியே புத்தகப் பக்கங்களாக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர்க் கொலை, கொள்ளை, கோரம் ஆகியவற்றையே முதலாக வைத்துப் பிழைக்கும் ஏடுகளும் பெருகின. பெற்றோர் அஞ்சினர், அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அச்சம் கைக்கொண்ட வழியோ வேறு. 1948 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளியொன்றின் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று காமிக்ஸ் புத்தகங்களைத் திரட்டிப் பள்ளி வளாகத்தில் குவித்து எரித்தனர். இத்தகைய நெருப்புகள் வேறு ஊர்களிலும் மூண்டன. 1954இல் அமெரிக்க மேலவைக் குழு இதுபற்றி விசாரணை நடத்திற்று. அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர்.

நல்லது எது, தீயது எது என்று நெருப்பு பக்கம் புரட்டிப் பார்ப்பதில்லை. விலைச்சீட்டு ஒட்டிய அதே கெயின்ஸ்தாம், 1942இல் விவிலிய வரலாறுகளைப் படக்கதைகளாக வெளியிட்டவர். 1947இல் ஏரியொன்றில் நேர்ந்த படகு விபத்தில் அவர் உயிர் துறந்தார். உடன் வந்த நண்பரின் சிறு மகனைக் காப்பாற்றிவிட்டே அவர் மாண்டார் என்று சொல்வர். காமிக்ஸ் என்ற ஒரே பெயரின்கீழ் அவருடைய விவிலியக் கதைகளும் இருந்தன, கொலைக் கதைகளும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

எரித்தவர்கள் இருந்த நாட்டில் காத்தவரும் இருந்தார். நூலகங்கள் பழைய நாளேட்டுத் தொகுதிகளைக் கறுப்பு வெள்ளை நுண்படச் சுருள்களாக்கிவிட்டு, மூல ஏடுகளைக் கழித்துவந்த காலம் அது. வண்ணப் படங்களின் வண்ணம் அத்துடன் அழிந்தது. பில் பிளாக்பேர்டு என்பவர் 1960களின் இறுதியில் அறநிலையம் ஒன்றை நிறுவி, கழிக்கப்பட்ட ஏடுகளைக் கேட்டு வாங்கிச் சான்ஃபிரான்சிஸ்கோவில் தம் வீட்டில் அடுக்கினார். 1997இல் அத்தொகுப்பை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் பெற்றபோது அதன் எடை ஏறத்தாழ 75 டன்! இன்று பழைய படக்கதைகளை மறுபதிப்புச் செய்வோர் பலர் அந்தச் சேமிப்புக்குக் கடன்பட்டவர்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். குருப்பட்டம் பெற்ற புதிதில் மாணவர் விடுதியொன்றின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. படிப்பு நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பாடநூலுக்குள் வேதாளர் கதையை மறைத்து வைத்துப் படித்தான். நாம் அதைப் பறித்து, அவன் கண்ணெதிரே விடுதி அடுப்பில் இட்டோம். அவன் அழவில்லை. ஒழுங்கை நிலைநாட்டிவிட்டோம் என்ற நிறைவுடன் அன்றிரவு உறங்கினோம்.

பல ஆண்டுகளுக்குப்பின் அவன் தன் குழந்தையின் திருமுழுக்குக்காக நம்மைத் தேடி வந்தான். பேச்சினிடையே அந்தப் புத்தகத்தை நினைவூட்டினான். வடநாட்டில் வேலை செய்த அவன் தந்தை விடுமுறை முடிந்து திரும்பும்போது, பேருந்து நிலையத்தில் வாங்கிக் கொடுத்ததாம் அது. முதல் பக்கத்தில் மகனுடைய பெயரை எழுதிக் கையொப்பமிட்டிருந்தாராம். அடுத்த விடுமுறைக்கு அவர் வரவில்லை. இறந்த செய்திதான் வந்தது. “அப்பா என் பெயரை எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான் சாமி” என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் மன்னித்தான். ஆயினும் அப்பக்கத்தைத் திருப்பித் தர நம்மால் இயலாது.

ஆகவே அத்தாயிடம் நாம் சொன்னது இதுதான்: “அம்மா, கொளுத்த வேண்டாம், பெட்டியை அப்படியே மகனிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். ஞாயிறு மாலையில் அவனுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வயதுக்கு ஒவ்வாததை எடுத்து வையுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். மற்றவற்றைப் பாடம் முடித்தபின் வாரம் ஒன்றாகக் கொடுங்கள். தாத்தா எதைப் படித்து மகிழ்ந்தார் என்று பேசுங்கள்.”

காக்கும் முறையையும் சொன்னோம். மரக்கூழால் செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம், நாளடைவில் அதனைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். வெயிலும் ஈரமும் அக்கேட்டை விரைவுபடுத்தும். எனவே உலர்ந்த இடத்தில், வெளிச்சம் படாமல், படுக்கையாக அடுக்கி வைக்கவேண்டும். கிழிசலில் பசைநாடா ஒட்டலாகாது. அதன் பசை தாளைக் கறையாக்கும்.

இரு வாரம் கழித்து அத்தாய் மீண்டும் வந்தார். புத்தகமொன்றின் உள்ளட்டையில் மாமனார் பென்சிலால் எழுதிய கணக்கைக் காட்டினார். அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, கடைசி வரியில் ‘புத்தகம்’. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிறகு எஞ்சிய காசில் அவர் வாங்கியது அது. பையன் அந்தக் கணக்கைத் தன் கையால் கூட்டிச் சரிபார்த்தானாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அடுப்புக்கோ பழைய தாள் கடைக்கோ அனுப்புமுன், ஒருமுறை முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை