கேட்டவுடன் கிடைக்கிற சாவா?

விருப்ப மரணச் சட்டம் என்று பேச்செடுத்தாலே ஒரு வாதம் தயாராக வந்து நிற்கும்: கேட்டவருக்கெல்லாம் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், முதலில் பலியாவது ஏழைகள், இன்று புற்றுநோய் என்பார்கள், நாளை மனநோய் என்பார்கள்.

கேட்டால் கிடைக்குமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019 ஜூனில் சட்டம் நடைமுறைக்கு வந்த விதத்தைப் பாருங்கள். நோயாளி மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒன்று எழுத்தில், இரண்டு சாட்சிகள் முன்னால். இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் (நரம்புச் சிதைவு நோய் என்றால் பன்னிரண்டு) இறப்பு எதிர்பார்க்கப்பட வேண்டும். அதற்கு மேல் அரசு அனுமதி. மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து விளக்கித் தரும் மருந்தைப் பூட்டிய பெட்டியில்தான் வைக்கலாம். மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்க ஓர் ஆளை முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும். ‘இப்படி ஒரு வழி இருக்கிறது’ என்று டாக்டர் தானாக வாய் திறப்பதற்கே தடை இருந்தது. இத்தனை படிகளையும் ஏறி முடிப்பதற்குள் நோயே கொண்டுபோனவர்கள் பலர்.

ஏழைகளைத் தள்ளிவிடும் என்பதற்கு அமெரிக்காவின் ஆரிகன் பதில் சொல்கிறது. 1997 முதல் நடக்கும் சட்டம்; ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. மருந்து பெற்று இறந்தவர்களில் பெரும்பாலோர் காப்பீடு உள்ளவர்கள், ஏற்கெனவே ஹாஸ்பிஸ் எனும் இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்தவர்கள். மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் மருந்தை உட்கொள்வதே இல்லை. கையில் இருந்தால் போதும் என்ற நிம்மதி போலும். ஆனால் குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற கவலையைச் சொன்னவர்களும் அந்த அறிக்கைகளில் கணிசம். இதை மழுப்பக் கூடாது.

இனி, சட்டம் தானாகவே விரிந்துகொண்டே போகும் என்பது. ஆரிகனில் காத்திருப்பு நாட்கள் தளர்ந்தன. ஆறு மாதத்துக்குள் இறப்பு என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. நெதர்லாந்தின் 2002 சட்டம் தொடக்கத்திலிருந்தே மரணத் தறுவாயை நிபந்தனையாக வைக்கவில்லை. தாங்க முடியாத வேதனைதான் அதற்கு அளவுகோல். கனடாவில் விரிந்தது உண்மை: 2019-இல் ‘இறப்பு நெருங்கியிருக்க வேண்டும்’ என்ற விதிக்கு எதிராகக் கியூபெக் நீதிமன்றத் தீர்ப்பு, 2021-இல் அந்த விதி நீக்கம். மனநோய் மட்டுமே உள்ளவர்களைச் சேர்ப்பது 2027 மார்ச் வரை தள்ளிப்போடப்பட்டது. வீடும் உதவித்தொகையும் ஒழுங்காகத் தராத அரசு இதை மட்டும் தருவதா என்று அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்குக் கனடாதான் பதில் சொல்ல வேண்டும். ஆரிகனையும் விக்டோரியாவையும் அதில் இழுக்க முடியாது.