மாவட்டக் கோடு வேற, மடைக் கோடு வேற

நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் 'தென்னாற்காடு ஜில்லா' என்றுதான் சொல்கிறார்கள். 1801-ல் ஆற்காட்டு நவாபின் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பிறகு, வரி வசூலுக்காக வகுத்த ஜில்லா அது. ஆற்காடு ஊரே அதில் இல்லை! 1993 செப்டம்பர் 30-ல் அது கடலூர், விழுப்புரம் என இரண்டானது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில் வந்தால் நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனா தண்ணிக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது. சேலம் மாவட்டத்து மேட்டூரில் திறந்தால், கொள்ளிடம் வந்து, 1836-ல் கட்டிய அணைக்கரை கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அதை நம்பித்தான் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம். சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்தே போகிறது.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்களை மட்டும் சேர்த்தது. நெய்வேலியில் நிலக்கரி வெட்ட, நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீரோட்டம் ஒன்றிய எல்லை பார்த்தா நிற்கும்? 2023-ல் சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதியே சுரங்க ஏலப் பட்டியலில் வந்தது. விவசாயிகளும் மாநில அரசும் எதிர்த்த பிறகுதான் நீக்கினார்கள். சட்டம் இருந்தும் போராடத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, பாதுகாப்பு மண்டலத்தை ஒன்றியக் கணக்கில் இல்லாமல் ஆற்றுப்படுகை, நிலத்தடி நீர்க் கணக்கில் விரிக்கச் சொல்லி கிராம சபைகளில் தீர்மானம் போடுவோம்.

இரண்டு, நம்ம வேலை. பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்கு ஐந்து பேர் சேர்ந்தால் குழு. அதை ஊர்க் கணக்கில் சேர்க்கிறோம். ஒரே மடையில் பாயும் வயல்காரர்களைச் சேர்த்தால் என்ன? தலைமடையில் களைக்கொல்லி அடித்தால் கடைமடை வயலுக்கும் அதுதானே வரும்? வேலி போட்டுத் தடுக்க முடியாது. தலைமடைக்காரரை நம்ம பக்கம் கொண்டுவருவது ஒன்றே வழி.

உங்க வயலுக்கு மேலே யார் யார் வயல் என்று ஒரு தாளில் எழுதுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவங்களைக் கூப்பிடுங்க.