33, 42, 49: பதக்க இடைவெளிகள் சொல்லும் கதை

தேக்கா சந்தையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்தால், சிறிது நேரத்தில் ஃபேரர் பார்க் திடல் வந்துவிடும். 1933ல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம் அது. பின்னர் காற்பந்து, தடகளம், குத்துச்சண்டை என்று பல தலைமுறை விளையாட்டாளர்கள் அங்குப் பயிற்சி செய்தனர். அந்த வட்டாரத்தில் சுமார் 1,600 புதிய வீடுகள் கட்டப்படும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. அதன் விளையாட்டு மரபைப் பேணும் வசதிகளும் குடியிருப்பில் இடம்பெற உள்ளன.

திடலையும் கட்டடத்தையும் பேணத் திட்டம் போடலாம். மாணவர்களை அங்கே வரவழைத்து ஓடவைத்த பயிற்றுவிப்பாளர்களின் உழைப்பை எப்படிப் பேணுவது? சிங்கப்பூர்த் தடகளத்தின் மூன்று எண்கள் இந்தக் கேள்வியை எழுப்புகின்றன.

முதல் எண் 33. ஆசிரியரான சி. குணாளன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001ல்தான் யு.கே. ஷியாம் முறியடித்தார். அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். இரண்டாவது எண் 42. 1973ல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் குளோரி பர்னபஸ். அவரும் ஆசிரியர். சாந்தி பெரேரா 2015ல் அதே ஓட்டத்தில் வெல்லும்வரை அத்தங்கம் சிங்கப்பூருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது எண் 49. 1974 ஆசிய விளையாட்டுகளில் 400 மீட்டரில் சீ சுவீ லீ வென்ற தங்கத்துக்குப் பிறகு, 2023ல் ஹாங்ஜோவில் சாந்தி 200 மீட்டரில் வென்றதுதான் அடுத்த தடகளத் தங்கம்.

இத்தனை ஆண்டுகளில் வேகமாக ஓடக்கூடிய பிள்ளைகளே பிறக்கவில்லையா? பிறந்திருப்பார்கள். வசதி, பணம், படிப்புச் சுமை, தேசிய சேவை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் சாதனை நிகழ்ந்த ஒவ்வொரு இடத்திலும் விளையாட்டாளரின் அருகில் பயிற்றுவிப்பாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறார்.

காற்பந்தில் ஈடுபட்டிருந்த குணாளனை ஓட்டப்பந்தயத்துக்குத் திருப்பியவர் டான் எங் யூன். மூன்று ஆண்டுகளில், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுகளில், மலேசியாவின் மணி ஜெகதீசனுக்கு மிக நெருக்கமாக ஓடி 100 மீட்டரில் வெள்ளி வென்றார் குணாளன். சீ சுவீ லீக்கு பேட்ரிக் ஸேண்டர் இருந்தார். சாந்தியின் 2015 தங்கத்துக்குப் பின்னால் மார்கரெட் ஓ இருந்தார். நடுவில் சாந்தி தடுமாறிய ஆண்டுகளும் உண்டு. அவர் மீண்டெழுந்து ஆசியத் தங்கம் வென்றபோது உடனிருந்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த லூயிஸ் குன்ஹா.

குணாளனின் பெயர் பலருக்கும் தெரியும். டான் எங் யூனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று பள்ளிகளில் பயிற்சி கொடுத்தவர்களில் பலர் அதே பள்ளியின் ஆசிரியர்கள். காலையில் கணக்குப் பாடம், மாலையில் திடல். மாணவரின் வீட்டு நிலைமையும் தேர்வு மதிப்பெண்ணும் அவர்களுக்குத் தெரியும். இன்று இணைப்பாட நடவடிக்கைகளுக்குப் பள்ளிகள் பெரும்பாலும் வெளிப் பயிற்றுவிப்பாளர்களை ஒப்பந்தத்தில் அமர்த்துகின்றன. இதில் நன்மை இல்லாமல் இல்லை. தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இடம்பெறப் பயிற்சித் தகுதியும் முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது அவசியம். ஆசிரியர்களின் சுமையும் குறைகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் பயிற்றுவிப்பாளர் மாறலாம். உயர்நிலை ஒன்றில் ஓடத் தொடங்கும் மாணவி, உயர்நிலை நான்குக்குள் இரண்டு மூன்று பேரிடம் பயில நேரலாம். ஒருவர் சொல்லிக்கொடுத்த ஓட்ட முறையை அடுத்தவர் மாற்றுவார். சிறிய அணிகளுக்கு இது இன்னும் கடினம். 2019ல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைக்கப்பட்டன. அப்படி இரண்டு கல்லூரிகள் ஒன்றாகும்போது இரண்டு அணிகளும் ஒன்றாகின்றன. பயிற்றுவிப்பாளர் வேலையும் ஒன்றாகச் சுருங்குகிறது. 2020ல் கொவிட்-19 காரணமாக இணைப்பாட நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டபோது, பயிற்சி நேரத்துக்கு ஏற்பச் சம்பளம் வாங்குவோரின் வருமானம் எவ்வளவு பலவீனமானது என்பதும் தெரிந்தது. குடும்பம் நடத்த முடியாத வேலையில் திறமையானவர் நீண்ட காலம் தங்கமாட்டார்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒப்பந்தம் முடிவு செய்யும்போது விலையுடன் தொடர்ச்சிக்கும் மதிப்புக் கொடுக்கலாம். ஒரு மாணவர் குழு பள்ளியில் இருக்கும் நான்கு ஆண்டுகளுக்கும் ஒரே பயிற்றுவிப்பாளர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளி வென்ற கிண்ணங்களைப் பார்ப்பதோடு, “பயிற்றுவிப்பவர் யார், எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்?” என்றும் கேட்கலாம்.

இந்தியச் சமூகத்துக்கும் இது புதிதல்ல. 1923ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் சங்கம், பாலஸ்டியர் திடலில் ஹாக்கியும் கிரிக்கெட்டும் வளர்த்த அமைப்பு. 1991ல் உருவான சிண்டா, துணைப்பாட ஆசிரியர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படிப்பை உயர்த்தியது. கணக்குக்குத் துணைப்பாடம் தேவை என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம், திடலில் நிற்கும் ஆசிரியருக்கும் அதே மதிப்பைத் தர முடியும். பயிற்றுவிப்பாளர் தகுதி பெற விரும்பும் முன்னாள் விளையாட்டாளர்களுக்குக் கட்டண உதவி கொடுப்பது நல்ல தொடக்கமாக அமையும்.

ஃபேரர் பார்க்கில் புதிய வீடுகளுக்குக் குடிவரும் குடும்பங்களில் ஓடத் துடிக்கும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். கீழே ஓடுவதற்கு இடமும் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு விசிலுடன் அங்கே வந்து நிற்பவர், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நிற்பாரா என்பதைப் பொறுத்தே அடுத்த இடைவெளியின் நீளம் அமையும்.