மழிக்கப்படுவது மயிரா, தோலா?

சவரம் செய்த மறுநாள் தாடையிலும் கழுத்திலும் எழும் எரிச்சலையும் சிவந்த பொடிப்புகளையும் பலர் நோயென்று கருதுவதில்லை. ஆண்பிள்ளைக்கு இதுவும் ஒரு குறையா என்று சிரித்துக் கடந்துவிடுவதே வழக்கம். மருத்துவரிடம் காட்டும் அளவுக்கு அது பெரிதன்று. கண்ணாடியில் கண்டு பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிதுமன்று. அந்த இடைவெளியில்தான் மருந்துக்கடை நுழைகிறது. சீட்டு ஏதுமின்றிக் கிடைக்கும் ஒரு சிறு குழாய்க் களிம்பு இரண்டே நாளில் சிவப்பை அடக்கிவிடுகிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பூசுபவர் பல நேரங்களில் அறிவதில்லை. சவர எரிச்சல் அற்பமானதாக இருக்கலாம். அதற்கென இந்நாட்டில் கைக்கொள்ளப்படும் வைத்தியம் அற்பமானதன்று. துளி மயிரும் தெரியாத வழவழப்பை நாள்தோறும் முகத்திடம் கேட்கும் வழக்கத்தைத் தளர்த்தாதவரை எந்தக் களிம்பாலும் இதற்கு நிலையான தீர்வு கிடைக்காது.

தோலில் நிகழ்வது என்ன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சவரத்துக்குப் பின் வரும் தொல்லைகள் எல்லாம் ஒன்றல்ல. மேல்தோலின் மெல்லிய படலம் கத்தியால் சுரண்டப்படுவதால் வரும் காந்தல் முதல் வகை. அது சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானே தணியும். இரண்டாவது வகை, உள்நோக்கி வளரும் மயிரால் வரும் பொடிப்பு. சாய்வாக வெட்டுப்பட்ட மயிரின் நுனி ஊசிபோல் கூர்மையாகிறது. சுருண்ட மயிராயின் அந்நுனி வளைந்து, அருகிலுள்ள தோலைக் குத்தி மீண்டும் உள்ளே செல்கிறது. தோலின் மட்டத்துக்குக் கீழே அறுபட்ட மயிரோ வெளியே வருமுன்னரே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துவிடுகிறது. உடல் தன் மயிரையே அயற்பொருளாகக் கருதி அழற்சியை எழுப்புகிறது. மருத்துவம் இதனைச் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்கிறது. அதாவது, தாடிப் பகுதியின் போலி மயிர்க்கால் அழற்சி. கிருமியால் தொடங்காதது என்பதால் ‘போலி’ என்னும் அடைமொழி. கிருமி புகுந்து சீழ் கட்டுவது மூன்றாவது வகை. தாடியில் வரும் படர்தாமரை நான்காவது. நான்கும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தோன்றும். மருத்துவமோ நான்குக்கும் வேறு வேறு. படர்தாமரையின் மீது ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ தடையின்றிப் பரவும்.

சவரக் கருவிகளின் வரலாறு முழுவதும் நெருக்கத்தை நோக்கிய ஓட்டம். 1971-இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. 1998-இல் மூன்று பிளேடு, 2006-இல் ஐந்து பிளேடு. முன்செல்லும் பிளேடு மயிரைப் பற்றி இழுக்க, அது உள்ளிழுத்துக்கொள்ளும் முன்பே பின்வரும் பிளேடு இன்னும் கீழே அறுக்கும் என்பதே இவ்வடிவமைப்பின் கருத்து. அறுபட்ட மயிர் தோலுக்குள் பின்வாங்குவதால் முகம் வழவழப்பாகத் தெரிகிறது. சுருண்ட மயிர் உடையவருக்கு அந்த வழவழப்பே பொடிப்பின் தொடக்கம். தோலை இழுத்துப் பிடித்து மழிப்பதும், ஒருமுறை மழித்த இடத்தில் கீழிருந்து மேலாக மறுமுறை கத்தி ஓட்டுவதும் இதே விளைவைத் தருவன. ‘நன்றாக வழித்த’ சவரம் என்று பாராட்டப்படுவது தோலின் கணக்கில் மோசமான சவரமாக இருக்கக்கூடும்.

இந்திய முகம் எந்தச் சூழலில் மழிக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. ஆய்வு முறையியல் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்க ஒரு நிகழ்வு இதன் தொடர்பில் உண்டு. ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென உருவாக்கி 2002-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேசரை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயின்ற இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இந்தியாவில் அது வரவேற்புப் பெறவில்லை. பாஸ்டனில் இருந்த மாணவர்களுக்குக் குழாயில் ஓடும் நீர் இருந்தது. இந்தியாவில் பலர் ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு மழித்தனர். பிளேடுகளின் இடையே சிக்கிய மயிரை அந்நீரால் கழுவி எடுக்க இயலவில்லை. பின்னர் அந்நிறுவனத்தார் இந்திய வீடுகளுக்கே சென்று, மங்கிய வெளிச்சத்தில், தரையில் அமர்ந்து, சிறு கண்ணாடியை வைத்து மழிப்போரைக் கண்டறிந்தனர். அதன் விளைவாக 2010-இல் ஒற்றை பிளேடு கொண்ட மலிவான கார்டு ரேசர் வந்தது. தேசத்தை ஒப்பிட்டு மாதிரியைத் தேர்ந்தவர்கள் தண்ணீரை ஒப்பிட மறந்தனர். ‘முகத்தை வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிச் செல்லும் அழகுக் குறிப்புகள் இன்றும் அதே பிழையைச் செய்கின்றன.

விடுதி மாணவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதில் சோப்பு எளிதில் நுரைக்காது. வட இந்தியக் குளிர்காலத்தில் காலை நீர் உறைபனிபோல் இருக்கும். எட்டு மணி வகுப்புக்கு முன் பொதுக் குளியலறைக்கு வெளியே வரிசை நிற்கும். இந்நிலையில் உலர்ந்த மயிர்மீது அவசரமாகக் கத்தி ஓடுகிறது. இச்சூழலுக்குப் பொருந்தும் தடுப்பு முறைகள் செலவு மிக்கவை அல்ல. சவரத்தைக் குளியலுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்; நீரை உறிஞ்சிய மயிர், உலர்ந்த மயிரைவிட மிகக் குறைந்த விசையில் அறுபடும். வெந்நீர் இல்லாதபோது ஈரத் துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்தாலே மயிர் மென்மையாகும். குளியல் சோப்பைவிடச் சவரக் களிம்போ ஜெல்லோ மேல். மயிர் வளரும் திசையை விரலால் தடவி அறிந்து அத்திசையிலேயே மழிக்க வேண்டும். கழுத்தில் அத்திசை இடத்துக்கு இடம் மாறும். கத்தியை அழுத்தாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் பின் கழுவி, முடிந்ததும் உலரவைக்க வேண்டும். 5 முதல் 7 சவரங்களுக்கு ஒருமுறை பிளேடை மாற்றுமாறு அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. தேய்ந்த பிளேடைப் பல வாரம் ஓட்டுவதால் மிச்சமாகும் பணம், களிம்புக்கே செலவாகிவிடும்.

எரிச்சல் வந்துவிட்டால் செய்ய வேண்டியதும் எளிது. குளிர்ந்த ஈரத்துணி, மணமூட்டப்படாத சாதாரண ஈரப்பதக் களிம்பு, சில நாள் ஓய்வு. ஆல்கஹால் கலந்த சவரப் பின்பூச்சு, காயத்தின் மீது எரியூட்டுவதற்கு ஒப்பாகும். அந்தக் காந்தலைச் ‘சுத்தத்தின் அடையாளம்’ என நம்புவது பழக்கத்தின் வலிமை. படிகாரத்துக்குத் துவர்ப்புத் தன்மை உண்டு; சிறு வெட்டுகளில் கசியும் குருதியை நிறுத்தும். ஆனால் வறண்ட தோலை அது மேலும் உலர்த்தும். ஒரே கட்டியைப் பலர் முகத்திலும் தேய்ப்பது ஏற்கத்தக்கதன்று. பொடிப்புகள் நிலைத்துவிட்டால், சில வாரங்கள் முழுச் சவரத்தையே நிறுத்திவிட்டு, ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மயிரை விட்டுவைப்பதே பயன் தரும். தோலுக்கு மேல் சற்றே நீண்டு நிற்கும் மயிர் மீண்டும் உள்ளே குத்துவது அரிது. உள்ளே மடங்கிய மயிரைப் பிடுங்கலாகாது. புதிதாக முளைக்கும் மயிர் அதே சிக்கலைத் தரும். சீழோ வட்டமான படையோ கண்டால் தோல் மருத்துவரை நாட வேண்டும்.

இவ்வளவு எளிதாயின் ஸ்டீராய்டு எங்கிருந்து வந்தது? பொடிப்பு விட்டுச்செல்லும் கருமையிலிருந்து வந்தது. மாநிறத் தோலில் அழற்சி ஆறிய இடம் பல மாதங்கள் கறுத்து நிற்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளும் இளைஞன் இந்தக் கருமையைப் பொறுப்பதில்லை; நிறத்தை அழகென்றும் தகுதியென்றும் எண்ணும் சமூகம் அவனைப் பொறுக்க விடுவதுமில்லை. எரிச்சலுக்கெனத் தொடங்கிய தேடல் வெளுப்புக் களிம்பில் முடிகிறது. இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தோல் சிக்கலுடன் வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். அவர்களுள் சவரத்தால் தொடங்கியோர் ஒரு பகுதியினராகவே இருக்க முடியும் என்றாலும், முகத்தின் சிறு குறைகளுக்கு எந்த மருந்து கைக்கு எட்டுகிறது என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நுண்ணிய குருதிக் குழாய்கள் வெளியே தெரியும், பரு பெருகும், நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மெலிந்த தோல்மீது மறுநாளும் கத்தி ஓடும். தோல் மருத்துவர் சங்கத்தின் நீண்ட முயற்சிக்குப் பின், 2018-இல் நடுவண் நலத்துறை 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாது என அறிவித்தது. சட்டம் வந்தபின்னும் சீட்டுக் கேட்காத கடைகள் உண்டு என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

சட்டம் கடைக்காரரை நோக்கியது. வழவழப்பைக் கேட்பவரை நோக்கி எந்தச் சட்டமும் இல்லை. காவலாளிகள், விடுதிப் பணியாளர்கள், சீருடைப் பணியினர், வளாக நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்கள் எனப் பலருக்கு ‘மழித்த முகம்’ வேலையின் ஒரு நிபந்தனை. ஒழுங்கும் தாடியும் ஒன்றுக்கொன்று பகையென்னும் எண்ணம் இந்தியாவில் செல்லுபடியாகக் கூடாதது. தாடியுடன் பணியாற்றும் சீக்கிய வீரர்கள் படையில் உள்ளனர். கடற்படையில் உரிய அனுமதியுடன் தாடி வைத்துக்கொள்ளலாம். 2016 டிசம்பரில், தாடி வளர்க்க அனுமதி கோரிய விமானப்படை வீரர் ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கின் மையம் சமய உரிமை. பொதுவெளியில் தாடி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் அது சமயத்தைச் சுற்றியே சுழல்கிறது. தோலின் வழக்கை எடுத்துரைக்க எவரும் இல்லை.

பிற நாட்டில் அவ்வழக்கு பேசப்பட்டிருக்கிறது. உள்மயிர்ப் பொடிப்பைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கப் படைகளின் கறுப்பின வீரர்களை முன்னிறுத்தியவை. 2020-இல் அந்நாட்டு வான்படை, இந்நோய் உடையவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சவர விலக்கு அளிக்க வழிசெய்தது. 2025-இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. மருத்துவச் சான்று இருந்தாலும் தோற்ற விதி எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதற்கும் இது சான்று.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. தீயணைப்பிலும் சுரங்கத்திலும் அணியும் சுவாசக் கவசம் முகத்தோடு காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். அங்கே மழித்த முகம் உயிர்காப்புத் தேவை. உணவுக்கூடத்தில் தூய்மைக்காகக் கேட்கப்படுவதும் நியாயமே. எனினும் அங்கே தாடி வலை போதும். வரவேற்பு மேசைக்கும் வாயிற்காவலுக்கும் இவ்விரு காரணங்களும் பொருந்தா. அங்கே எஞ்சுவது தோற்றம் பற்றிய ஒரு விருப்பம் மட்டுமே. அந்த விருப்பத்தின் விலையை, அதனை வகுப்பவர் கொடுப்பதில்லை.

பழக்கங்கள் மாறா என்று சலித்துக்கொள்வதற்கும் இடமில்லை. 1990களில் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பரப்புரை பரவியபோது, முடிதிருத்தும் நிலையங்களில் ஆளுக்கொரு புதிய பிளேடு என்பது வழக்கமாயிற்று. இன்று பிளேடைப் பாதியாக ஒடித்துப் பொருத்துவதை வாடிக்கையாளர் கண்முன்னே செய்து காட்டுவது முடிதிருத்துநரின் தொழில்நெறி. மருத்துவரை ஆண்டுக்கு ஒருமுறை காண்பவனும் முடிதிருத்துநரை மாதம் ஒருமுறை காண்கிறான். ‘இரண்டாம் முறை எதிர்த்து இழுக்க வேண்டாம்’ என்னும் செய்தியும், ‘சீட்டில்லாக் களிம்பு வேண்டாம்’ என்னும் செய்தியும் அவர் வழியாகவே அதிகமானோரைச் சென்றடையும்.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது இதனினும் எளிது. வேலைவாய்ப்புப் பிரிவுகள் மாணவர்க்கு அனுப்பும் தோற்றக் குறிப்புகளில் ‘மழித்த முகம்’ என்பதற்கு மாற்றாக ‘சீராகத் திருத்திய முகம்’ என்று எழுதலாம். விடுதி மருத்துவ அறையில் தோல் மருத்துவர் தரும் சான்றை, தேசிய மாணவர் படையின் அணிவகுப்பு உள்ளிட்ட வளாக நிகழ்வுகள் ஏற்குமாறு நிர்வாகம் கோரலாம். ஒரு சொல்லை மாற்றுவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நேர்காணலுக்கு முந்தைய இரவில், ஏற்கெனவே புண்ணான கழுத்தின் மீது மீண்டும் கத்தியை வைக்கும் மாணவனுக்கு, ஒரு மில்லிமீட்டர் மயிர் அவன் தகுதியைக் குறைக்காது என்று நிறுவனம் எழுத்தில் சொல்வதே முதல் மருந்து.