சங்கிலியா, பற்சக்கரமா?

கொட்டகலை நிலையத்தைக் கடந்து மேடேறும் டீசல் புகையிரதத்தின் முழக்கத்தைக் கேளாத மாணவர் இப்பகுதியில் இலர். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா 1954-இல் அளித்த எம்-2 எஞ்சின்கள் நம் நாட்டுத் தண்டவாளங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவை. அவற்றில் வால்வுகளையும் எரிபொருள் பீச்சிகளையும் இயக்கும் தண்டுகளைச் சுழற்றுபவை பற்சக்கரங்களே.

சங்கிலி ஏன் ஆகாது? அதன் கண்ணிகளிலுள்ள ஊசிகள் தேயத் தேயச் சங்கிலி நீள்கிறது, தண்டு பின்தங்குகிறது, எரிபொருள் பீச்சும் கணமும் பிந்துகிறது. பற்சக்கரம் நீளுவதில்லை. எனினும் அதற்கு இரைச்சல் மிகுதி, எடையும் விலையும் மிகுதி. ஆதலால் சிறிய வண்டிக்குச் சங்கிலியைக் குறைகூற மாட்டேன்; நாள்முழுதும் பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு அதைத் தேரவும் மாட்டேன்.

சங்கிலி பூட்டிய வண்டி உடையோர், குளிர்ந்த காலையில் எஞ்சினின் உள்ளே கலகலவென்ற ஒலி எழுமாயின் தாமதியாது மெக்கானிக்கிடம் காட்டுக. சங்கிலி ஒரு பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் மோதவுங்கூடும்.